முகமூடிக்காரனும் முகமிழந்தவனும்

வெண்பரி ஒன்று பாய்ந்து வருகிறது. அதன் மீது அமர்ந்திருப்பவன் முகத்தில் கருந்துணி. இடையில் இரு கைத்துப்பாக்கிகள். அவற்றினுள்ளே வெள்ளித் தோட்டாக்கள். கயவர் ஓடுகின்றனர். ஊர் பிழைக்கிறது. நன்றி கூற நாடி வருவோர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வீரன் புழுதிப் படலத்துள் மறைந்து விடுகிறான். யாரவன், எங்கிருந்து வந்தான், எங்கே செல்கிறான் என்று ஊரார் வியந்து நிற்கின்றனர்.

அவனுக்குப் பின்னால், திட்டுத் திட்டாய் நிறம் படிந்த பரியொன்றில், இன்னொருவனும் செல்கிறான். அவன் யாரென்று கேட்பாரில்லை. அவன் முகத்திலே துணியில்லை, மறைப்பில்லை, திரையில்லை. திறந்த முகம்தான், திறந்திருந்தும் எவர் கருத்திலும் பதியாத முகம்! அந்த முகத்துக்குரியவன் வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறோம்.

அமெரிக்க நாட்டிலே பழம்படச் சுவைஞர் என்றொரு கூட்டத்தார் உளர். குதிரையும் துப்பாக்கியும் பாலைவெளியும் நிறைந்த 'வெஸ்டர்ன்' படங்கள் என்றால் அவர்கட்கு உயிர். அவர்கள் தமக்குள் தொடுக்கும் சொற்போர் கேட்கச் சுவையானது. 1952ஆம் ஆண்டின் 'ஹை நூன்' உயர்ந்ததா, 1959ஆம் ஆண்டின் 'ரியோ பிராவோ' உயர்ந்ததா? ஊர் மக்கள் கைவிட்ட நிலையில் தனித்து நின்ற கேரி கூப்பரின் காவலன் பெரியவனா, ஊர் மக்களின் துணையை வேண்டாமென்று மறுத்த ஜான் வெய்னின் காவலன் பெரியவனா? இது முடிந்தால் தொலைக்காட்சிக்குத் தாவுவர். 1955 தொடங்கி 1975 வரை 20 ஆண்டுகள் ஓடிய 'கன்ஸ்மோக்' சிறந்ததா, 1959 முதல் 1973 வரை ஓடிய 'பொனான்சா' சிறந்ததா? பொழுது விடிந்தாலும் வழக்கு முடியாது. முடியவும் வேண்டாம்! கலையைப் பற்றிப் பேசிப் பேசிக் களிப்பது மாந்தர்க்கு அழகுதான்.

இது ஏதோ சிலருடைய பொழுதுபோக்கு என்று எண்ணி ஒதுக்கிவிடவும் இயலாது. 1958-59ஆம் ஆண்டுப் பருவத்தில், அமெரிக்க மக்கள் மிகுதியாகக் கண்டுகளித்த 10 தொலைக்காட்சித் தொடர்களில் 7 தொடர்கள் இத்தகைய குதிரைவீரர் கதைகளே. வீடுதோறும், மாலைதோறும், ஒரு நாடு தன் பழைய வரலாறு இதுதான் என்று கண்டது. பள்ளியிலே வரலாறு பயிற்றும் தொழிலினர் நாம். ஆகவே ஒன்று அறிவோம். பாடநூலிலே படித்ததைப் பிள்ளைகள் தேர்வு முடிந்த மறுநாளே மறப்பர். திரையிலே கண்டதை முதுமையிலும் மறவார்.

எனவேதான் கேட்கிறோம். எந்த வீரன் சிறந்தவன் என்று இத்தனை வழக்காடும் அன்பர்கள், அந்த வீரன் எவரை வீழ்த்தினான், எவரைப் பின்னே நிறுத்தினான் என்று எப்போது வழக்காடுவர்?

முகமூடிக்காரனின் கதைக்குப் பெயர் 'தி லோன் ரேஞ்சர்'. 'தனித்த காவலன்' என்று பொருள். தனித்தவன் என்று பெயர். கூடவே எப்போதும் ஒருவன்! இந்த முரண்பாடு எப்படி வந்தது? 1933ஆம் ஆண்டு டிட்ராய்ட் நகர வானொலியில் அக்கதை தொடங்கியபோது வீரன் உண்மையிலேயே தனியனாகத்தான் இருந்தான். வானொலியிலே தனியன் என்ன செய்வான்? எண்ணுவதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். தனக்குத் தானே பேசினாலோ பித்தன் என்பர். ஆகவே, பேச்சுத் துணைக்கு ஒருவனைப் படைத்தனர். பெயர் டோன்டோ. அமெரிக்கத் தொல்குடியைச் சேர்ந்தவன். செவ்விந்தியன் என்று அந்நாளில் எழுதினர். இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு வழிதவறிய கொலம்பஸ் விட்டுச் சென்ற பிழை அது. ஒரு பெரும் மக்களினத்தின் பிரதிநிதி கதைக்குள் நுழைந்த காரணத்தைப் பார்த்தீர்களா? வெள்ளை வீரன் தனியே பேசலாகாது என்பதற்காக!

டோன்டோ என்ற சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் மூடன் என்று பொருள். அதை அறிந்தே வைத்தனரா, அறியாமல் வைத்தனரா என்று ஆராய்ந்து பயனில்லை. ஸ்பானிய மொழியில் தொடரை வெளியிட்டபோது பெயரை மாற்றும்படி ஆயிற்று. வானொலியிலே அவனுக்குக் குரல் தந்தவர் ஜான் டாட் என்னும் வெள்ளை நடிகர். அவர் வாயில் வைத்த மொழியோ, குழந்தையின் குழறல்! 'நான் போகிறேன்' என்று சொல்லத் தெரியாது. 'என்னை போ' என்பது போன்ற சிதைந்த ஆங்கிலம். அறிவும் ஆற்றலும் உடையவன், காட்டையும் மேட்டையும் கரதலப் பாடமாய் அறிந்தவன், வாய் திறந்தால் மட்டும் மழலை!

1949ஆம் ஆண்டு அக்கதை தொலைக்காட்சிக்கு வந்தது. அப்போதுதான் டோன்டோவுக்கு மெய்யான முகம் வாய்த்தது. ஜே சில்வர்ஹீல்ஸ் என்பவர் அவ்வேடம் ஏற்றார்.

யார் இந்த சில்வர்ஹீல்ஸ்? 1912ஆம் ஆண்டு கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில், கிராண்ட் ரிவர் ஆற்றங்கரையில், ஆறு தொல்குடி இனத்தார் சேர்ந்து வாழும் நிலத்தில் பிறந்தவர். மோஹாக் இனத்தவர். இயற்பெயர் ஹாரல்டு ஜே ஸ்மித். வலைமட்டை ஏந்தி ஆடும் லக்ராஸ் என்னும் ஆட்டத்தில் பெயர் பெற்றவர். இன்று உலகம் ஆடும் அந்த ஆட்டமே தொல்குடியினர் உலகுக்குத் தந்த கொடைதான். குத்துச்சண்டையிலும் வல்லவர். ஆட்டக் குழுவோடு கலிபோர்னியா சென்றவரை நகைச்சுவை நடிகர் ஜோ ஈ. பிரவுன் கண்டு, திரைத்துறைக்கு ஊக்கினார். ஆனால் திரைத்துறை அவருக்கு என்ன தந்தது? கூட்டத்தில் ஒருவனாய் நிற்கும் வேலை. குதிரையிலிருந்து விழும் வேலை. சுடப்பட்டுச் சாகும் வேலை. பெயரில்லாத சாவுகள் பல செத்த பிறகே அவருக்குப் பெயருள்ள வேடம் கிட்டியது. அந்தப் பெயரும் மூடன் என்பதாய் அமைந்தது!

நல்ல ஆங்கிலம் பேசக்கூடிய மனிதர் அவர். ஒலிவாங்கியின் முன் நின்றதும் அம்மொழியைத் தாமே உடைத்துப் பேச வேண்டியவரானார். 221 பகுதிகள், 1957 வரை. இடையிலே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. முகமூடி வேடமிட்ட கிளேட்டன் மூர் விலக, 1952 முதல் ஈராண்டு ஜான் ஹார்ட் என்னும் வேறொருவர் அம்முகமூடியை அணிந்தார். பின்னர் மூரே திரும்பி வந்தார். முகமூடிக்குள் இருப்பவரை மாற்றலாம். ஆனால் முகமூடியில்லாத சில்வர்ஹீல்ஸ் முதலிலிருந்து முடிவுவரை மாறாமல் நின்றார். தொடரின் தலைப்பிலே அவர் பெயரில்லை. தொடரின் தொடர்ச்சியோ அவர்தான்.

இத்தகைய நிலை 1949இல் முளைத்ததன்று. அதன் வேரைக் காண 19ஆம் நூற்றாண்டுக்குச் செல்லவேண்டும்.

1830ஆம் ஆண்டு, தென்கிழக்குத் தொல்குடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பெயர்த்தெறியச் சட்டம் வகுத்தனர். 1862ஆம் ஆண்டு, மேற்கு நிலங்களைக் குடியேறுவோர்க்கு 160 ஏக்கர் வீதம் வழங்கும் சட்டம் பிறந்தது. எவர் நிலம்? எவருக்கு வழங்கல்? 1876ஆம் ஆண்டு லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றருகே லகோட்டா, செயென்னி மக்கள் கஸ்டரின் படைப்பிரிவை முறியடித்தனர். அம்மக்களின் பெருந்தலைவருள் ஒருவர் 'சிட்டிங் புல்' என்னும் அமர்ந்த காளை.

இனிக் கேளுங்கள் விந்தையை. போர் முடியவில்லை, அதற்குள் போரை நாடகமாக்கி நுழைவுச் சீட்டு விற்றனர்! 1883ஆம் ஆண்டு 'பஃபலோ பில்' எனப்பட்ட வில்லியம் கோடி, 'காட்டு மேற்கு' என்னும் மாபெரும் காட்சியை நிறுவினார். குதிரைகள், எருமைகள், அஞ்சல் வண்டி, அதைத் தாக்கும் தொல்குடியினர், காக்க வரும் வெள்ளை வீரர்: பிற்காலத் திரைப்படம் எதைக் காட்டிற்றோ அதெல்லாம் அங்கேயே உருவாயிற்று. 1885ஆம் ஆண்டு அமர்ந்த காளையே அக்குழுவில் சில திங்கள் ஊர்சுற்றினார். கஸ்டரை வென்ற கூட்டத்தின் தலைவர், கட்டணம் கொடுத்தோர் பார்க்கும் காட்சிப் பொருளாய்க் குதிரையில் வலம் வந்தார். 1887ஆம் ஆண்டு இலண்டனில் விக்டோரியா அரசியும் அக்குழுவின் காட்சியைக் கண்டார்.

1890 டிசம்பர் 15ஆம் நாள், தம் குடிலருகே, தம்மைக் கைது செய்ய வந்தோரின் குண்டுக்கு அமர்ந்த காளை பலியானார். இரு வாரம் கழித்து, டிசம்பர் 29ஆம் நாள், தென் டகோட்டாவின் 'ஊண்டட் நீ' ஓடைக்கரையில், அமெரிக்கப் படை சுமார் 250 முதல் 300 லகோட்டா மக்களைக் கொன்று குவித்தது. பெண்டிரும் பிள்ளைகளும் அவருள் மிகப்பலர். பனியில் உறைந்த உடல்களை ஒரே குழியில் இட்டு மூடினர்.

அடுத்த ஆண்டே, அந்நிகழ்ச்சிகளை ஒட்டிச் சிறைப்பட்டிருந்த லகோட்டா மக்கள் சிலரை விடுவித்துப் பஃபலோ பில்லிடம் ஒப்படைத்தனர். எதற்கு? ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்று காட்சி நடத்த! சிறைக் கம்பியா, நாடக மேடையா என்ற நிலை. மூன்றாண்டு கழிந்து 1894இல், எடிசனின் படக்கூடத்திலே, அக்குழுவைச் சேர்ந்த சியூ மக்களை ஆடச் செய்து படம்பிடித்தனர். நகரும் படத்தில் தொல்குடியினர் தோன்றிய முதல் முறைகளுள் அது ஒன்று. ஆக, திரைப்படம் என்னும் கலை கண் விழித்தபோதே அம்மக்கள் வேடமிட்டு நின்றனர்.

இதனினும் கொடிது 1913இல் நிகழ்ந்தது. படைத்துறையின் ஒத்துழைப்போடு, பைன் ரிட்ஜ் பகுதியில் பஃபலோ பில் ஒரு படம் எடுத்தார். ஊண்டட் நீ நிகழ்ச்சியை அந்த நிலத்திலேயே மீண்டும் நடித்துக் காட்டச் செய்தார். உற்றாரை அங்கே புதைத்தவர்கள், 23 ஆண்டு கழித்து, அதே மண்ணில், கூலி பெற்று, மீண்டும் சுடப்பட்டு வீழ்ந்து காட்டினர்! படுகொலை 'போர்' ஆயிற்று, போர் படமாயிற்று. அப்படம் இன்று முழுமையாய் எஞ்சவில்லை. எஞ்சாதது படச்சுருள்தான், அது வகுத்த முறை எஞ்சியது.

அந்த முறையின் அடுத்த படியைப் பாருங்கள். முதலில் தொல்குடியினர் தாமே தம் தோல்வியை நடித்தனர். பிறகு, நடிப்பதற்கும் அவர்கள் வேண்டாம் என்றாயிற்று. முன்னிற்கும் வேடமெல்லாம் சாயம் பூசிய பிறருக்கு. பின்னே குதிரையில் விழும் வேலை அவர்களுக்கு.

1950ஆம் ஆண்டு 'புரோக்கன் ஆரோ' என்றொரு படம். முறிந்த அம்பு என்பது பொருள். அபாச்சி மக்களை மனிதராய்க் காட்டிய படம் என்று சுவைஞர்கள் போற்றுவர், போற்றத்தக்கதே. அதில் அபாச்சித் தலைவர் கோச்சீசாக நடித்தவர் நியூயார்க்கில் பிறந்த யூத நடிகர் ஜெஃப் சாண்ட்லர். துணைநடிகருக்கான ஆஸ்கர் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. அதே படத்தில், சமாதானத்தை ஏற்க மறுத்து வெளியேறும் ஜெரோனிமோவாக வந்தவர் யார்? நம் சில்வர்ஹீல்ஸ்! நல்ல தொல்குடியன் வேடம் சாயம் பூசியவருக்கு. முரண்டு பிடிப்பவன் வேடம் மெய்யான தொல்குடியினருக்கு. உண்மையான தொல்குடிக் கலைஞர் ஒருவர் பெயர் அதே பரிசுக்கு முன்மொழியப்பட 20 ஆண்டு சென்றது. 1970ஆம் ஆண்டின் 'லிட்டில் பிக் மேன்' படத்துக்காகச் சீஃப் டேன் ஜார்ஜ் அப்பெருமை பெற்றார்.

முறிந்த அம்பிலே இன்னொரு முகமூடியும் உண்டு. திரைக்கதை ஆசிரியர் என்று மைக்கேல் பிளாங்ஃபர்ட் பெயரைப் போட்டனர். எழுதியவரோ ஆல்பர்ட் மால்ட்ஸ். அரசியல் கருத்துக்காகச் சிறை சென்று, தொழில் மறுக்கப்பட்டு, கறுப்புப் பட்டியலில் இருந்தவர். ஒடுக்கப்பட்டோர்க்காகப் பரிந்து பேசிய படத்திலே, பேசியவர் பெயரை மறைக்க வேண்டியிருந்தது! அக்கதை 1956இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது கோச்சீஸ் வேடம் சிரியாவில் பிறந்த மைக்கேல் அன்சாராவுக்குச் சென்றது.

'தி சர்ச்சர்ஸ்' படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சுவைஞர்கள் நம்மை மன்னியார். 1956இல் ஜான் ஃபோர்டு இயக்கியது. வெறுப்பு ஒரு மனிதனை எப்படித் தின்னும் என்பதை ஜான் வெய்னின் முகத்திலேயே காட்டிய படம். இவ்வகைப் படங்களுள் தலையாயது என்பதே நம் துணிபு. அதில் கொமான்சித் தலைவனாய் வரும் ஹென்றி பிரண்டன் பெர்லின் நகரில் பிறந்த ஜெர்மானியர். பிறந்த ஆண்டு 1912. சில்வர்ஹீல்ஸ் பிறந்ததும் அதே ஆண்டில்தான்!

அப்படத்தின் செம்மலைத் தூண்கள் நிற்கும் 'மானுமென்ட் வேலி' நவஹோ மக்களின் நாடு. அரிசோனா, யூட்டா என்னும் இரு மாநில எல்லையில் கிடப்பது. 1939இல் வெளிவந்த 'ஸ்டேஜ்கோச்' முதல் ஃபோர்டு அங்கே மீண்டும் மீண்டும் சென்றார். நவஹோ மக்கள் அபாச்சிகளாயினர், கொமான்சிகளாயினர், செயென்னிகளாயினர்; நவஹோக்களாக மட்டும் இருக்க வாய்ப்பில்லை. ஃபோர்டின் மீது அவர்கட்கு அன்புண்டு, ஊதியம் தந்தார், 'நெடிய தலைவர்' என்று தம் மொழியில் அவருக்குப் பெயரும் இட்டனர். ஆனால் ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கிறோம். 1924இல் அமெரிக்கக் குடியுரிமை சட்டப்படி கிட்டிய பிறகும், அரிசோனாவில் தொல்குடி நிலத்தில் வாழ்வோர் வாக்குரிமை பெற்றது 1948இல், நீதிமன்றத் தீர்ப்பால். ஃபோர்டின் 'ஃபோர்ட் அபாச்சி' வெளிவந்த ஆண்டு அது. யூட்டாவில் அத்தகையோரைத் தடுத்த சட்டம் நீங்கியது 1957இல். 'தி சர்ச்சர்ஸ்' வெளிவந்த மறு ஆண்டு. தன் மலையும் தன் முகமும் உலகெங்கும் திரையிலே ஒளிவிட, தன் ஊர் வாக்குச் சாவடியில் நுழைய முடியாதவனாய் நின்றான் நவஹோ!

"அது அக்கால வழக்கம், இக்கால அளவுகோலால் அளக்கலாமா?" என்பர் சுவைஞருள் சிலர். நன்று. அக்கால அளவுகோலாலேயே அளப்போம். 1910ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் யங் டியர் என்பார், தொல்குடியினரை நாயகராக்கிப் படங்கள் இயக்கி வந்தார். அவர் மனைவியும் வின்னபேகோ இனத்தவருமான 'ரெட் விங்' என்னும் லில்லியன் செயின்ட் சிர், 1914இல் 'தி ஸ்குவா மேன்' படத்தில் தலைமை வேடமேற்றார். ஹாலிவுட்டில் எடுத்த முதல் முழுநீளப் படங்களுள் ஒன்று அது. 1911லேயே, தம்மை இழிவாகக் காட்டும் படங்களை எதிர்த்துத் தொல்குடியினர் வாஷிங்டன் சென்று முறையிட்டனர். ஆகவே, அக்காலத்தார் அறியாமலில்லை. அறிந்தவர் சொல்லைக் கேளாதது வழக்கமாயிற்று, அவ்வளவே.

நம் நாட்டிலும் அதன் நிழல் விழுந்ததுண்டு. சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் கதையை ஒளித்துவைத்துப் படிக்காத சிறுவர் எத்தனை பேர்? 1948இல் இத்தாலியில் பிறந்த அந்த வீரன் நவஹோ மக்களின் நண்பன். அவர்தம் உரிமைக்குப் போராடுபவன். 'இரவுக் கழுகு' என்ற பட்டத்துடன் அவர்கட்குத் தலைவனும் அவனே. அங்கும் தலைவன் வெள்ளையன்தான்!

இவற்றையெல்லாம் கொளுத்திவிட வேண்டுமா? நாம் அப்படிச் சொல்லவில்லை. கலையிலே குறை காண்பது கலையைக் கைவிடுவதாகாது. சில்வர்ஹீல்ஸே அத்தொழிலை விட்டு ஓடவில்லை. 1960களின் நடுவே, லாஸ் ஏஞ்சலஸ் நகரில், தொல்குடி இளைஞர்க்கு நடிப்புப் பயிற்றும் பட்டறை ஒன்றை நிறுவினார். எங்கள் வேடத்தை எங்களுக்கே கொடுங்கள் என்று கேட்பதோடு நில்லாமல், கேட்கத் தகுதியுடையோரை உருவாக்கினார். ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு, வெண்பரி வீரனின் வீரமனைத்தும் இந்தச் சிறு பயிற்சிக் கூடத்தின் முன்னே எளிதாய்த் தோன்றுகிறது. 1979இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் விண்மீன் பதித்தனர். மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் மறைந்தார்.

அவர் மறைந்து 40 ஆண்டுகள் சென்றபின், 2021 நவம்பரில், நவஹோ நாட்டின் தலைநகரான விண்டோ ராக்கில் ஒரு பழைய படத்தைத் திரையிட்டனர். 1964ஆம் ஆண்டின் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்'. 'ராஹைட்' என்னும் தொலைக்காட்சிக் குதிரைத் தொடரில் பெயர் பெற்ற கிளின்ட் ஈஸ்ட்வுட்டை உலகறியச் செய்த படம். அவர்கள் வெறுத்து ஒதுக்கிய படமன்று, விரும்பித் தேர்ந்தது. அங்குள்ள முதியோர் வெஸ்டர்ன் படங்களைப் பெரிதும் விரும்புவோர். அமெரிக்கச் சுவைஞருள் அவர்களும் ஒரு பகுதியினர். இப்படத்தில் தொல்குடியினர் எவரையும் இழிவாய்க் காட்டும் காட்சியில்லை. படத்தின் உரையாடல் முழுவதையும் நவஹோ மொழியாக்கி, நவஹோ மக்களே குரல் தந்தனர். ஈஸ்ட்வுட் குதிரையில் ஊருக்குள் வந்தார், வாய் திறந்தார், சிதைவில்லாத நவஹோ மொழி ஒலித்தது.